பதினேழடி உயரத்தில் ஒரு குதிரை லாடம்

ஏணியின் மேல் படியில் நின்றுகொண்டு கிதின்ஜி கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"லாடம் தெரியுதா?" கீழேயிருந்து நியோகாபி கேட்டாள்.

"செத்துப்போன எங்க தாத்தா முகம்தான் தெரியுது மேடம். வாடா வாடான்னு கூப்பிடுறாரு."

"அப்புறமா வரேன்னு சொல்லு. கண்ணைத் திற."

பன்னிரண்டு வருஷம் லிமுரு–நைரோபி மடாட்டு வேனில் கண்டக்டராக, ஓடுகிற வண்டியின் கதவில் ஒற்றைக் கையால் தொங்கியவன் கிதின்ஜி. அப்போது கால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தது. இப்போது பன்னிரண்டு அடி. அந்தப் பதினோரடி வித்தியாசம் அவனுடைய வலிக்கிற முழங்காலில் தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தான். மூக்குக்கு நேராக, துருவேறிய குதிரை லாடம் ஒன்று பட்டுப்போன மரத்தில் தொங்கியது.

"லாடம் ஒண்ணு. ஆணி ரெண்டு. ஆணி முழுசா இறங்கல மேடம், ஒரு விரல்கடை வெளிய நிக்குது. லாடம் ஆடுது. அடிச்சவன் சோம்பேறி."

"ஆடுதா? நல்லாப் பாத்தியா?"

"என்னைவிடக் கொஞ்சம் கம்மியா ஆடுது."

நியோகாபி தைரு நோட்டுப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் போலீஸில் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள். இப்போது லிமுருவில் ஒரு கசாப்புக் கடை மாடியில் அவளுடைய துப்பறியும் ஆபீஸ். மூன்று வருஷமாக அங்கே கிதின்ஜிதான் உதவியாளன், டைப்பிஸ்ட், இன்று ஏணி ஏறுகிறவன்.

விஷயம் இதுதான். டன்ஸ்மோர் மரப்பூங்கா ஒரு காலத்தில் பெர்சி டன்ஸ்மோர் என்ற வெள்ளைக்காரரின் தேயிலை எஸ்டேட். மனுஷருக்குத் தேயிலையைவிட மரத்தின் மேல்தான் பைத்தியம். இமயமலையிலிருந்து தேவதாரு, சிலியிலிருந்து குரங்கே ஏற யோசிக்கும் முள்மரம், ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் என்று வரவழைத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வகை நட்டுத் தள்ளினார். கல்யாணம் ஆன அன்று, பங்களாவுக்குக் கீழே சரிவில் உள்ளூர்க் காட்டு மரமான கேப் செஸ்நட்டில் ஒரு கன்று நட்டார். பத்தாவது கல்யாண நாளில் அதில் தன் செல்லக் குதிரையின் லாடத்தை அடித்தார். தரையிலிருந்து சரியாக ஐந்தடி உயரம், மனைவியின் கன்னம் வரும் அளவு. இது நடந்து எண்பது வருஷம் ஆகிறது.

நாடு சுதந்திரம் அடைந்ததும் ஊருக்குக் கிளம்பியவர், பத்திரத்தில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போனார். ஐந்தடி உயரத்தில் லாடம் அடித்த மரம் உயிரோடு இருக்கும்வரை தோட்டம் ஜனங்களுடையது, கேட் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும். மரம் செத்தால் நிலம் வாரிசுக்கு.

போன வருஷம் காரீத்தி என்ற ரியல் எஸ்டேட் முதலாளி லண்டனில் இருந்த டன்ஸ்மோரின் பேரனைத் தேடிப் பிடித்து அந்த உரிமையை எழுதி வாங்கினார். ஆறு வாரத்துக்கு முன் மரம் பட்டுப்போனது. தலைமைத் தோட்டக்காரர் வருயிங்கியின் கொட்டகையில் களைக்கொல்லி டப்பா ஒன்று கிடைத்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிலக் கோர்ட்டில் வழக்கு. இன்று சனிக்கிழமை.

மற்ற பதினைந்து தோட்டக்காரர்களும் சேர்ந்து நியோகாபியிடம் வந்தார்கள். "வருயிங்கி மரத்துக்கு மருந்து வெச்சாருன்னா, பாதிரியார் சர்ச்சுக்கு நெருப்பு வெச்சாருன்னு அர்த்தம்" என்றார்கள். ஆனால் வருயிங்கியோ வாயையே திறக்க மறுத்தார். போலீஸிடம் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

கிதின்ஜி தரையில் காலை வைத்து மண்ணைத் தொட்டுக் கும்பிடாத குறையாக நின்றபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏணியை எழுபத்தஞ்சு டிகிரியில சாத்தணும். நீங்க அறுபதுல சாத்தியிருக்கீங்க."

காரீத்தி. சாம்பல் கோட்டு, பாலிஷ் போட்ட ஷூ, கையில் சுருட்டிய வரைபடம். அவருக்குப் பின்னால் இரண்டு சர்வேயர்கள் சிவப்புத் துணி கட்டிய முளைகளோடு நின்றார்கள். அதற்குள் ரோஜாத் தோட்டம் வரை முளை அடித்தாயிற்று.

"தீர்ப்பே வரல, அதுக்குள்ள அளவெடுப்பா சார்?" என்றான் கிதின்ஜி. "நூறு ஏக்கர்ல எத்தனை பங்களா?"

"நூறு இல்ல. தொண்ணூத்தேழு புள்ளி நாலு. பங்களா அறுபத்துநாலு." காரீத்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நான் பத்தொன்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன் தம்பி. தப்பான நம்பரைக் கேட்டா எனக்குக் காதுக்குள்ள பூச்சி போன மாதிரி இருக்கும்."

நியோகாபி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "பத்திரத்துல ஐந்தடின்னு இருக்கு. லாடம் பதினேழடியில இருக்கே சார்?"

காரீத்தியின் முகம் வகுப்பறைக்குள் நுழைந்ததுபோல மலர்ந்தது. "அருமையான கேள்வி. மரம் வளருதில்லையா? வளந்தா லாடத்தையும் தூக்கிட்டுத்தானே போகும்? பன்னிரண்டடி ஏறியிருக்கு. நூத்தி நாப்பத்துநாலு அங்குலம். எண்பது வருஷத்தால வகுத்தா வருஷத்துக்கு ஒன்று புள்ளி எட்டு அங்குலம். கோர்ட்டுக்கு இதை நானே எழுதிக் கொடுத்திருக்கேன்."

"கணக்கு சுத்தமா இருக்கு" என்றாள் நியோகாபி.

"கணக்கு எப்பவும் சுத்தம்தாம்மா. ஜனங்கதான் அழுக்கு" என்றார் காரீத்தி. சர்வேயர்களைக் கூட்டிக்கொண்டு அல்லிக்குளம் பக்கம் போனார்.

"மேடம், அந்த ஆளு சொல்றது எனக்கே நியாயமாப் படுது" என்றான் கிதின்ஜி. "அதான் பயமா இருக்கு. வாங்க, முகாமி அம்மா கடையில டீ குடிச்சுட்டுத் தோத்துப் போவோம்."

டீக்கடை பழைய குதிரை லாயத்தின் ஓரம் இருந்தது. அங்கே போகிற பாதை, ஒரு காலத்தில் மாட்டுப் பட்டியாக இருந்த மைதானத்தின் ஓரமாக, யூகலிப்டஸ் வரிசையை ஒட்டிச் சென்றது. சனிக்கிழமை ஆனதால் மைதானம் நிரம்பி வழிந்தது. மூன்று கல்யாணக் கோஷ்டிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. சர்ச் பாடகர்கள் தேவதாருவின் கீழே ஒரே வரியை ஏழாவது தடவையாகப் பாடினார்கள். யாரோ பானையில் சுடச்சுட முகிமோ கொண்டுவந்து புல்லில் வைத்துப் பிசைந்த கிழங்கு மணத்தைக் காற்றில் விட்டிருந்தார்கள். நைரோபியில் உட்காரக்கூடக் காசு கேட்கிற காலத்தில், இங்கே ஒரு கல்யாணமே இலவசமாக உட்காரலாம். திங்கட்கிழமைக்குப் பிறகு இத்தனை பேரும் எங்கே போவார்கள் என்று கிதின்ஜிக்குத் தோன்றியது. அவனும் தன் கல்யாணத்துக்கு இந்தப் புல்லில்தான் ஆடினான்.

அந்த யோசனையில் ஒரு யூகலிப்டஸை உரசிக்கொண்டு போனவன், டர்ரென்று ஒரு சத்தம் கேட்டு நின்றான்.

"போச்சு! என் ஞாயித்துக்கிழமை பேன்ட்!"

மரத்தின் உடம்பிலிருந்து ஒரு முள்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் உள்ளே போய், இந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. நடுவில் இருந்ததை மரம் பட்டையால் மூடி விழுங்கியிருந்தது.

நியோகாபி குனிந்தாள். கிழிந்த பேன்ட்டை அல்ல, கம்பியைப் பார்த்தாள். அடுத்த மரத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். ஐந்து மரத்திலும் கம்பி அப்படியே உள்ளே போயிருந்தது.

"கிதின்ஜி, இந்த வேலி எந்தக் காலத்தது?"

"டன்ஸ்மோர் காலத்து மாட்டு வேலி. பழசு. துருப்பிடிச்சது. எனக்கு ஊசி போடணும்."

"கம்பி உன்னோட எந்த இடத்துல மாட்டுச்சு?"

"முழங்கால்ல! அதுவும் வலிக்கிற முழங்கால்ல!"

"மாட்டுக்குப் போட்ட வேலியோட கீழ்க்கம்பி. அன்னைக்கும் முழங்கால் உயரம், இன்னைக்கும் முழங்கால் உயரம்." நியோகாபி நிமிர்ந்தாள். "இத்தனை வருஷத்துல இந்த மரம் நூறடி வளந்திருக்கு. கம்பி ஓரங்குலம்கூட மேல ஏறல. ஏன்?"

கிதின்ஜி முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

"மரம் லிஃப்ட் மாதிரி மேல போறதில்லடா. மாடி மேல மாடியா நுனியில கட்டிட்டே போகும். கீழ்வீடு இருந்த இடத்துலயேதான் இருக்கும், குண்டாகும், அவ்வளவுதான். ஐந்தடியில அடிச்ச லாடம் இன்னைக்கும் ஐந்தடியில இருக்கணும். மரம் அதை எப்பவோ முழுங்கியிருக்கணும்."

"அப்ப மேல தொங்குறது?"

"எவனோ ஏணி போட்டு மாட்டினது. செத்தது டன்ஸ்மோரோட மரமே இல்ல."

கிதின்ஜி வாயைப் பிளந்தான். பிறகு ஒரு குதி குதித்தான். குதித்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "அந்த வாத்தியார்தான்! ஏதோ ஒரு மரத்துல லாடத்தை மாட்டி, அதையே கொன்னு, கோர்ட்டுல காட்டுறாரு. மேல மாட்டினா வளந்த மாதிரி இருக்கும்னு பதினேழடியில மாட்டியிருக்காரு. ஒன்று புள்ளி எட்டு அங்குலமாம்!"

"ஒவ்வொண்ணா வருவோம். முதல்ல, மருந்து வெச்சது யாருன்னு தெரியணும்."

அன்று காலை தோட்டக்காரர்கள் நியோகாபிக்கு மட்டும் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். மரத்தடி மண்ணை விலக்கினால், வேருக்குச் சற்று மேலே துளைக் கருவியால் போட்ட ஓட்டைகள். உள்ளே மருந்தை ஊற்றிக் களிமண்ணால் அடைத்திருந்தார்கள். பார்த்துவிட்டு மண்ணைப் பழையபடி மூடியாயிற்று. போலீஸ் ரிப்போர்ட்டில் மருந்து என்று இருந்ததே தவிர ஓட்டை என்ற பேச்சே இல்லை. நியோகாபி கிதின்ஜியின் காதில் இரண்டு நிமிஷம் பேசினாள். கேட்கக் கேட்க அவன் முகத்தில், சில்லறை பாக்கி தராமல் வண்டியைக் கிளப்பிய பழைய நாட்களின் புன்னகை திரும்பி வந்தது.

காரீத்தி அல்லிக்குளத்தின் ஓரம் முளை அடித்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் தண்ணீரைப் பார்த்துச் சிரிக்க, வீடியோக்காரர் ஓடும் கேமராவோடு பின்வாங்கிக்கொண்டே வந்தார்.

"சார், உங்களுக்கு நல்ல சேதி!" கிதின்ஜி, பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடும் குரலில் சொன்னான். "எப்படிக் கொன்னாங்கன்னு கண்டுபிடிச்சாச்சு. மரத்தைச் சுத்தி அஞ்சு ஓட்டை போட்டு மருந்து ஊத்தியிருக்கான் படுபாவி!"

காரீத்தியின் புருவம் லேசாகத் துடித்தது. "அப்படியா. பாவம்."

"அஞ்சு ஓட்டை. அளவெடுத்துப் போட்டிருக்கான். வட்டத்தை அஞ்சாப் பிரிச்சு, ஒண்ணுக்கொண்ணு எழுபது டிகிரி."

"எழுபத்திரண்டு" என்றார் காரீத்தி பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரி, எழுபத்திரண்டு. மரத்தோட சுத்தளவு ஒரு ஆறடி இருக்குமா? ஆறடிக்கு அஞ்சு ஓட்டைன்னா..."

"ஆறடியா?" காரீத்தியின் கழுத்து நரம்பு புடைத்தது. "எட்டடி ரெண்டு அங்குலம்!"

"எட்டோ ஆறோ, ஓட்டை அஞ்சுதானே சார்."

"அஞ்சு எப்படிப் போதும்? தொண்ணூத்தெட்டு அங்குலத்துக்கு அஞ்சு போட்டா மீதி வரும்! பதினாலு அங்குலத்துக்கு ஒண்ணுன்னு போட்டாத்தான் மிச்சமில்லாம ஏழு! ஏழு போட்டாத்தான் சுத்தியும் மருந்து..."

நின்றுவிட்டார். குளத்தில் ஒரு தவளை குதித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிப்பை முகத்தில் வைத்தபடியே திரும்பினார்கள். வீடியோக்காரர் கேமராவை இறக்கவில்லை.

"முழு மார்க்கு. ஓட்டை ஏழுதான். ஆனா ரிப்போர்ட்டுல ஓட்டைன்னே இல்ல" என்றாள் நியோகாபி.

காரீத்தி ஓடவில்லை. சர்வேயர்கள் ஓடினார்கள். காரீத்தி புல்லில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத முகம், சட்டை இல்லாத உடம்பு மாதிரி இருந்தது. வருயிங்கியின் கொட்டகையில் டப்பாவை வைக்கச் சொன்னதும் தான்தான் என்று, கேட்காமலே ஒப்புக்கொண்டார்.

"லாடத்தை மாட்டினதையும் சொல்லிடுங்க சார்" என்றான் கிதின்ஜி. "எந்தக் கடையில ஏணி வாங்குனீங்க?"

"லாடமா?" காரீத்தி நிஜமாகவே குழம்பினார். "நான் எதுக்கு லாடத்தை மாட்டணும்? லாடம் இருக்குற மரம் எதுன்னு தேடித்தானே மருந்து வெச்சேன்! அது அங்கதான் இருந்துச்சு!"

கிதின்ஜி பன்னிரண்டு வருஷம் பொய்யர்களிடம் டிக்கெட் வசூலித்தவன். அந்த முகத்தில் பொய் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. போலீஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனதும் நியோகாபி பக்கம் திரும்பினான்.

"மேடம், அவரு இல்லன்னா வேற எந்த முட்டாள் மேல மாட்டினான்? மரம் எப்படி வளருதுன்னே தெரியாத முட்டாள்?"

"ஆணி எப்படி இருந்துச்சு? நீதானே பாத்தே."

"விரல்கடை வெளிய நின்னுச்சு. சோம்பேறின்னு சொன்னேனே."

"இங்க மரத்துக்கு மரம் பேர்ப்பலகை இருக்கு. எல்லாப் பலகையிலயும் ஆணி அப்படித்தான் நிக்கும். மரம் பருக்க இடம் விட்டு அடிப்பாங்க, இல்லாட்டி பட்டை பலகையை முழுங்கிடும். மரத்தை வாழ்நாள் பூரா தொட்டுப் பழகினவனுக்குத்தான் கை தானா அப்படி அடிக்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு, மரம் லாடத்தைத் தூக்கிட்டுப் போகாதுங்கறது மட்டும் தெரியாம இருக்குமா?"

"வருயிங்கியா!" கிதின்ஜி டீக்கடையை நோக்கி நடந்தான்.

முஸே, அதாவது பெரியவர், என்று ஊரே மரியாதையாக அழைக்கும் வருயிங்கி டீக்கடைக்கு எதிர் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து நிறுத்திய மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வந்து விடுகிறார்.

"உங்களை உள்ள வரக்கூடாதுன்னாங்களே முஸே?" என்று கேட்டபடி நியோகாபி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தோட்டக்காரனா வரக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. ஜனமா வரலாம்ல? பத்திரத்துலயே இருக்கே."

"காரீத்தியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இனிமே சொல்லலாம். பன்னிரண்டடி அதிகமா, வேணும்னேதானே மாட்டுனீங்க?"

கிழவர் தொப்பியை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"பத்து வருஷம் இருக்கும்மா. நைரோபியிலேருந்து ஒருத்தன் பத்திர நகலோட வந்தான். லாடம் அடிச்ச மரம் எதுன்னு கேட்டான். தெரியாதுன்னேன். போயிட்டான். ஆனா அந்த வரி வெளிய வந்துருச்சு, இனி எவனாவது வருவான்னு தெரிஞ்சுபோச்சு. இவன் போனா இன்னொருத்தன். லாயத்துல கிடந்த பழைய லாடம் ஒண்ணை எடுத்து வேற மரத்துல மாட்டினேன். கொல்லணும்னு வர்றவன் அதைக் கொல்லட்டும்."

"பதினேழடி எதுக்கு?"

"மரம் தெரியாதவன் நம்பணும். மரம் தெரிஞ்சவன் ஒரு பார்வையில இது பொய்னு சொல்லணும். கோர்ட்டுல அது ஒண்ணுதானே எனக்குச் சாட்சி?"

"இதைச் சொல்லியிருந்தா உங்களை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்களே!" கிதின்ஜி கத்தினான். "ஜெயிலுக்குப் போக இருந்தீங்களே, முஸே!"

"சொல்லியிருந்தா, அப்ப நிஜ மரம் எதுன்னு அடுத்த கேள்வி வரும். அன்னைக்குச் சாயங்காலமே அதுக்கும் ஓட்டை போடுவான். ஜட்ஜ் முன்னால சொன்னா, அவரு கையோட காவல் போட்டுத் தருவாரு. அதுக்காகத்தான் காத்திருந்தேன்." அவர் கிதின்ஜியைப் பார்த்துச் சிரித்தார். "இப்பவும் உனக்குச் சொல்ல மாட்டேன். நீ ரொம்பப் பேசுற."

திங்கட்கிழமை ஜட்ஜ் பத்து மணிக்கு வழக்கைக் கேட்டார். பத்தரைக்கு எழுந்து, தானே பார்க்கிறேன் என்று ஜீப்பில் ஏறிவிட்டார். வருயிங்கி அவரைப் பங்களாவுக்குக் கீழே சரிவுக்குக் கூட்டிப் போனார். முப்பது கேப் செஸ்நட்களைத் தாண்டி, பேர்ப்பலகையே இல்லாத ஒரு மொக்கை மரத்தின் முன்னால் நின்றார். நிறையப் பேர் சைக்கிளைச் சாத்தி வைக்கிற மரம். நெஞ்சு உயரத்துக்குச் சற்று மேலே பட்டை வீங்கி, மூடிய வாய் மாதிரி மடிந்திருந்தது.

"இந்தக் குழியை வெட்டினது எங்க தாத்தா, ஐயா" என்றார் வருயிங்கி. "துரை கன்னை வெச்சாரு, தாத்தா மண்ணைத் தள்ளினாரு. எந்த மரம்னு எங்கப்பாகிட்ட சொன்னாரு, அப்பா எங்கிட்ட சொன்னாரு."

வனத்துறைக்காரர் ஒருவர் ஊசி மாதிரி மெல்லிய துளைக் கருவியை அந்த மடிப்பில் மெதுவாக நுழைத்தார். இரண்டு அங்குலம் உள்ளே போனதும் இரும்பில் பட்டு, கிறீச்சென்றது. ஜட்ஜ் டேப்பை வாங்கித் தரையிலிருந்து தானே அளந்தார். ஐந்தடி.

சத்தத்தில் பறவைகள் பறந்தன. தோட்டக்காரர்கள் பாடினார்கள், முகாமி அம்மா கரண்டியோடு ஆடினாள், ஒரு வக்கீல் இன்னொரு வக்கீலைக் கட்டிக்கொண்டார். நிலம் ஜனங்களுக்கே என்று தீர்ப்பு அந்தச் சரிவிலேயே வந்தது. மரத்துக்கு வேலி, காவல், வருயிங்கிக்கு வேலை, எல்லாம் அதே மூச்சில் சொல்லப்பட்டன.

கொண்டாட்டத்தில் கிழவரைக் காணோம் என்பதை முதலில் கவனித்தவன் கிதின்ஜிதான். தேடிக்கொண்டு போனான்.

வருயிங்கி பட்டுப்போன மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்ட கோட்டைக் கழற்றிப் புல்லில் வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு கைப்பிடி வைத்த நீள ரம்பம் கிடந்தது. ஒரு கை மரத்தின் மேல் இருந்தது.

"முஸே, எல்லாரும் உங்களைத் தேடுறாங்க. ஜெயிச்சுட்டோம்!"

"முப்பது மரம் இருந்துச்சு இந்தச் சரிவுல" என்றார் கிழவர், திரும்பாமல். "எதுல மாட்டுறதுன்னு மூணு நாள் நடந்தேன். எதை மாட்டினாலும் அதைச் சாகச் சொல்றேன்னு அர்த்தம். துரை நட்டது துரையோடது, அப்பா நட்டது அப்பாவோடது. நான் எப்படிக் கொடுக்க முடியும்? இது நான் நட்டது. வேலைக்குச் சேந்த வருஷம், பத்தொன்பது வயசுல, விதை போட்டு வளத்தேன். என்னோடதுன்னு இருந்தது இது ஒண்ணுதான். அதான் இதுல மாட்டினேன்."

கிதின்ஜியின் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. அவன் வாயில் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். அதை விழுங்கினான். தன் கோட்டைக் கழற்றிக் கிழவருடைய கோட்டின் மேல் வைத்தான். வலிக்கிற முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றி, ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க இழுக்கும்போது சொல்லுங்க முஸே" என்றான்.